வலப்பக்கத்துக் கல்

ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் இருந்தால் ‘இதுதான் வழி’ என்று பொருள். அதற்கு வலப்பக்கம் தரையில் ஒரு சிறு கல் கிடந்தால் ‘வலப்பக்கம் திரும்பு’. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் ‘ஆபத்து, திரும்பிப் போ’. சாரணியர் தடம் பார்க்கப் பழகும்போது முதலில் கற்பது இதைத்தான். பேனாவும் காகிதமும் வேண்டாம். முன்னால் போனவர் சொல்ல நினைத்ததைக் கல் சொல்லிவிடும். பதினாறு வருடம் ஆகியும், பாதையோரம் இரண்டு கல் சேர்ந்து கிடந்தால் என் கண் மூன்றாவதைத் தேடுகிறது.

காரிமங்கலத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் அப்போது நான் மல்லிகை அணியின் தலைவி. தடம் பார்க்கும் தேர்வை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குத்தான் மாநில முகாமில் இடம். முகாமுக்கு ரயிலில் போக வேண்டும். என் அணியில் இருந்த நிர்மலா ரயில் ஏறியதே இல்லை. பத்தாம் வகுப்பு, அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஜன்னலோரம் தனக்குத்தான் என்று ஒரு மாதமாக எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

லூர்தம்மாள் டீச்சர் முந்தின நாள் மாலையே கற்களை வைத்துவிட்டு வந்தார். மறுநாள் சந்தை நாள் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

பாதை இரண்டாகப் பிரியும் வேப்பமரத்தடியில் மூன்று கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. ஆபத்து. ஆனால் மேல் கல்லில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. கீழே கற்பூரம் எரிந்த கறுப்பு. விடியற்காலையில் சந்தைக்குப் போன யாரோ, சாமி கல் ஒன்று சரிந்து கிடக்கிறதே என்று எடுத்து மேலே வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

எந்தப் பக்கத்தில் கிடந்த கல் என்பதை நிர்மலாதான் கண்டுபிடித்தாள். கார்த்திகைப் பனியில் மண் நனைந்து கறுத்திருக்கும். இரவெல்லாம் கல் மூடியிருந்த இடம் மட்டும் நனையாமல் வெளுத்திருக்கும். அவள் மண்டியிட்டுத் தேடினாள். வலப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளுத்த வட்டம்.

எங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. இருபது நிமிடம் கழித்துக் கிளம்பி வரும் ரோஜா அணிக்கு? அதற்குள் வெயில் ஏறி எல்லா மண்ணும் ஒரே நிறமாகிவிடும். பக்கத்தில் வேறு அடையாளம் வைக்கலாம் என்றாள் ஒருத்தி. ஆபத்துக் குறியைப் பார்த்தவர்கள் வேறு எதையும் நம்பக் கூடாது என்பதுதான் விதி. நான் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், எடுத்துக் கீழே வைத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன்.

நிர்மலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எடுத்தா உனக்கு ஒண்ணும் ஆவாது, அருளு. சந்தை முடிஞ்சு அவங்க இதே வழியாத்தானே வருவாங்க. பாத்தா மனசு என்னா ஆவும்?”

“அப்ப என்னதான் பண்றது?”

“நீங்க போங்க. நான் இருந்து சொல்லிட்டு வர்றேன்.”

தலைவி என்ற முறையில் நான்தான் இருந்திருக்க வேண்டும். அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் நடந்தேன்.

நாங்கள் ஏழு பேர் ஐம்பத்தாறாவது நிமிடத்தில் தடத்தின் முடிவில் கையெழுத்துப் போட்டோம். நிர்மலா ரோஜா அணியோடு வந்து சேர்ந்தபோது பதினெட்டு நிமிடம் தாமதம். டீச்சர் நடந்ததை எல்லாம் கேட்டார். கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். ரோஜா அணியும் நேரத்துக்குள் முடித்திருந்தது. விதியை ஒருத்திக்காக வளைத்தால் நாளைக்கு யாருக்கும் விதி இருக்காது என்று சொல்லி, முகாம் பட்டியலில் நிர்மலாவின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டார்.

முகாமுக்குக் கிளம்பிய நாளில் டீச்சரே நிர்மலாவுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக் கொடுத்துத் தருமபுரி ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். ரயில் அங்கே இரண்டு நிமிடம்தான் நிற்கும். என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக அவள் ஏறினாள். மூட்டையை மேலே வைத்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கம்பியைப் பிடித்து வெளியே பார்த்தாள். விசில் கேட்டதும் பெட்டியின் மறுகோடிக் கதவு வழியாக இறங்கி என் ஜன்னலுக்கு வந்தாள்.

“சீட்டு நல்லாத்தான் இருக்குது” என்றாள். “ஆனா நவுரவே இல்லியே.”

ரயில் நகர்ந்தது.