இந்த வாரம் வாசிக்க ஏழு

புதன்கிழமை காலை என் கடிதத்தை நானே திறந்தேன். போன வெள்ளிக்கிழமை அனுப்பியது. அதில் மூன்றாவதாகச் சேர்த்திருந்த கட்டுரையில் ஒரு வரி மறுபடி வேண்டியிருந்தது. லிங்க்கைத் தொட்டேன். ‘வாஷிங் மெஷின்: உத்தரவாத நிபந்தனைகள்’ என்று ஒரு பக்கம் திறந்தது.

கை தவறி வேறு எதையோ தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நாலாவதைத் தொட்டேன். வாஷிங் மெஷின். ஐந்து, ஆறு, ஏழு. பிறகு ஒன்று, இரண்டு. எல்லாம் வாஷிங் மெஷின்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஊடக ஆய்வு நிறுவனத்தில். மூன்றாவது மாடி, ஒன்பது பேர், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள். ஆறு வருடமாக என் வேலை ஒரு மின்னஞ்சல் கடிதம். பெயர் ‘இந்த வாரம் வாசிக்க ஏழு’. ஊடகம், தொழில்நுட்பம், சமூகம் பற்றி இணையத்தில் வருவதில் ஏழு கட்டுரைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, வெள்ளி காலை பத்து மணிக்கு அனுப்புவேன். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போகிறது. முதல் வாக்கியம், கட்டுரை என்ன சொல்கிறது என்பது. இரண்டாவது, அது எங்கே சறுக்குகிறது என்பது. அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிப்பேன். ஏழு தேற அறுபது படிக்க வேண்டும்.

தப்பு எப்படி நடந்தது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன வாரம் கடிதத்துக்குப் புது டெம்ப்ளேட். லிங்க் வேலை செய்கிறதா என்று பார்க்க, திறந்திருந்த ஒரு பக்கத்தை ஏழு இடத்திலும் ஒட்டினேன். திறந்திருந்தது எங்கள் வீட்டு மெஷினின் உத்தரவாதப் பக்கம். அது நின்று அப்போது இரண்டு வாரம். பக்கத்தின் மேலே இருந்த புகார் எண்ணுக்கு போன் போட்டபடியே தலைப்புகளை மாற்றினேன், வாக்கியங்களை மாற்றினேன். லிங்க்கை மாற்றும் நேரத்தில் புகார் எண்ணில் ஆள் கிடைத்துவிட்டார். எழுந்து போய்ப் பேசினேன்; புகாரைப் பதிந்துவிட்டதாகச் சொன்னார். திரும்பி வந்து எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.

ஐந்து நாள் ஆகியிருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமில்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்தக் கடிதத்துக்குக் கீழே ஐம்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ‘அருமையான தொகுப்பு.’ ‘ஏழும் முத்து.’ ஒரு கல்லூரிப் பேராசிரியர், ‘நாலாவது கட்டுரை என் கண்ணைத் திறந்துவிட்டது, மாணவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். அதற்கு நான் சனிக்கிழமை நன்றி சொல்லியிருந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு மேலாளருடன் கூட்டம். அதை நினைத்துத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தது. குறிப்புகளை இனி மெஷினே, அதாவது ஏஐயே, எழுதட்டும் என்பது அவர் யோசனை. என் ஏழு தலைப்பையும் லிங்க்கையும் அதனிடம் கொடுத்து, அது எழுதியதை திங்கட்கிழமை எனக்கு அனுப்பியிருந்தார். ‘பதினோரு செகண்ட்’ என்று மேலே ஒரு வரி.

திங்கட்கிழமை அதன் மேல் கண்ணை ஓட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வலித்தது. இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் கொடுத்தது என் கடிதத்தில் இருந்த லிங்க். ஏழும் வாஷிங் மெஷின். ஆனாலும் ஏழு குறிப்பு எழுதியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட ஊரைப் பற்றிய கட்டுரைக்கு, ‘மூன்று ஊர்களில் நடந்த விரிவான ஆய்வு’ என்று இருந்தது. கட்டுரையில் ஒரே ஊர். ஆய்வும் இல்லை. ஒரு முடிதிருத்துபவர் கடையில் கேட்டதையெல்லாம் போனில் முந்நூறு பேருக்கு அனுப்புகிறார், அதுதான் அந்த ஊருக்குச் செய்தி. அவ்வளவுதான் கட்டுரை.

அது படிக்கவில்லை. தலைப்பை வைத்து அடித்துவிட்டிருக்கிறது.

இதை அவர் மேஜையில் வைத்தால் போதும், கூட்டம் முடிந்தது. ஆனால் வைக்க வேண்டுமென்றால் என் தப்பையும் வைக்க வேண்டும். அதோடு அந்த ஐம்பத்து மூன்று பேரையும்.

சர்வர்காரரிடம் போனேன். அவர் அறை ஜன்னல் இல்லாத அறை. எங்கள் கணினிகளையும் கடிதம் போகும் வழியையும் பார்த்துக்கொள்பவர். குளிருக்கு மஃப்ளர் கட்டியிருப்பார்.

“போன வாரக் கடிதத்துல எத்தனை பேர் லிங்க்கைத் தொறந்திருக்காங்க?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். நல்ல வாரம்.”

“ஏழு லிங்க்கும் வாஷிங் மெஷினுக்குப் போகுது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் வாஷிங் மெஷினைப் பாத்துட்டு சும்மாவா இருந்தாங்க?”

அவர் மஃப்ளரைத் தளர்த்தினார்.

“அது ஆளுங்க இல்லைங்க.”

“பின்ன பேயா?”

“கிட்டத்தட்ட. ஆபீஸ் மெயிலுக்குள்ள எது வந்தாலும், வைரஸ் இருக்கான்னு ஒரு புரோகிராம் எல்லா லிங்க்கையும் தொறந்து பாத்துட்டுத்தான் உள்ள விடும். அதுதான் அந்த நம்பர்.”

“எப்பலேருந்து?”

“எப்பவுமே அப்படித்தான்.”

“ஆறு வருஷமா சொல்லலையே நீங்க.”

“நீங்க கேக்கலையே. நம்பர் ஆயிரத்தைத் தாண்டுச்சுன்னு கேக் வேற வெட்டினீங்க. எனக்கும் ஒரு துண்டு குடுத்தீங்க. வாயில கேக்கை வச்சுக்கிட்டு எப்படிங்க சொல்றது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“கடிதத்துக்குப் பதில் போட்டா எங்க போகும்?” என்று கேட்டேன்.

“அது பதில் வேண்டாம்னு இருக்கிற முகவரி. யாரும் தொறக்கறதில்லை.”

“தொறங்க.”

கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. முந்நூற்றுப் பதினெட்டு மெயில் இருந்தது. ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்று தானாக வருபவைதான் பெரும்பாலும். அவற்றைத் தள்ளித் தள்ளிக் கீழே போனோம். இருபத்தாறு மிஞ்சியது. இருபத்தாறும் ஒரே ஆள்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர். முதல் மெயிலில் அப்படித்தான் தன்னைச் சொல்லியிருந்தார். நாலு வருடத்துக்கு முன்பு எழுதியது. என் இரண்டாவது வாக்கியங்களோடு சண்டை. ‘கட்டுரை சறுக்குகிறது என்கிறீர்கள், சறுக்குவது நீங்கள்.’ ஒவ்வொன்றிலும் கட்டுரையிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டியிருந்தார். பாதிக்கு மேல் அவர் சொன்னது சரி. ஒன்றுக்கும் பதில் போகவில்லை. பன்னிரண்டாவது மெயிலுக்குப் பிறகு பதில் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார் போலிருந்தது. வணக்கம்கூடப் போடாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

கடைசி மெயில் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது.

‘இந்த வாரம் ஏழு தலைப்புக்கும் ஒரே பக்கம். முதலில் தவறு என்று நினைத்தேன். நீங்கள் காரணமில்லாமல் எதையும் சேர்ப்பவர் இல்லை என்பதால் முழுவதும் படித்தேன். நாற்பத்தொரு பிரிவு. பதினான்காம் பிரிவுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். கதவு எத்தனை முறை திறந்தது, எத்தனை மணிக்கு ஓடியது, எப்போது நின்றது என்று மெஷின் நிறுவனத்துக்குத் தானாகத் தகவல் அனுப்புமாம். ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் ராத்திரி வேலைக்குப் போகிறவர் என்று துணியை வைத்தே சொல்லிவிடலாம். ஆறு வருடத்தில் நீங்கள் கொடுத்ததில் இதுதான் சிறந்தது. தலைப்புகள் மட்டும் பொருந்தவில்லை.’

“யாருங்க இவரு?” என்றார் சர்வர்காரர்.

“வாசகர்” என்றேன்.

வீட்டில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகப் புகார் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பதினான்காம் பிரிவு வரை நான் போகவே இல்லை. மெஷின் வாங்கிய அன்று ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டதும் நான்தான்.

மறுநாள் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் மேலாளர் மேஜையில் வைத்தேன். கடிதம், மெஷினின் ஏழு குறிப்பு, உத்தரவாதப் பக்கம், லிஃப்ட்காரரின் மெயில். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. கூட்டத்தில் போனைக் கவிழ்த்து வைக்கும் ஒரே ஆள் அவர்தான்.

“அப்போ மெஷின் படிக்காமலே எழுதியிருக்கு.”

“ஆமா சார்.”

“நம்ம ஆளுங்களும் படிக்காமலே பாராட்டியிருக்காங்க.”

“ஒருத்தர் படிச்சிருக்கார்.”

“நாலாயிரத்துல ஒருத்தர்.”

“நாலாயிரத்து நூத்திப் பன்னிரண்டு.”

“அது இன்னும் மோசம்மா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோவிச்சுக்காதீங்க. படிக்காதவங்களுக்காக நீங்க அறுபது படிச்சு எழுதறீங்க. அதே படிக்காதவங்களுக்காக அது ஒண்ணும் படிக்காம எழுதுது. அவங்களுக்கு என்ன வித்தியாசம்?”

“அது பொய் சார்.”

“யாருக்குத் தெரிஞ்சுது?”

“எனக்குத் தெரிஞ்சுது.”

“எப்ப? அஞ்சு நாள் கழிச்சு. அதுவும் வேற எதையோ தேடப் போயி.”

ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து குறிப்புகளை மெஷின் எழுதும் என்று முடிவானது. ஏழு கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதும் அதுதான். நான் பார்த்து அனுப்ப வேண்டும்.

“பாக்கறதுன்னா படிக்கணுமா சார்?”

“ஒரு பார்வை பாருங்க. மத்த நேரத்துக்கு வேற நல்ல வேலை தரேன்.”

“போன வாரத்துக்கு ஒரு திருத்தம் போடணும். சரியான லிங்க்கோட.”

“யாரு கேட்டா?”

“தப்பு நம்மளோடது.”

“யாருக்கும் தெரியாத தப்பைத் தண்டோரா போட்டுச் சொல்லணுமா? விடுங்க.” போனை நிமிர்த்தி வைத்தார். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

என் இருக்கைக்கு வந்தேன். சரியான ஏழு லிங்க்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, லிஃப்ட்காரருக்கு மட்டும் அனுப்பினேன். என் சொந்த முகவரியிலிருந்து. அது தவறுதான் என்று எழுதினேன். பதினான்காம் பிரிவை நான் படித்திருக்கவில்லை என்றும் எழுதினேன். அவருடைய மற்ற இருபத்தைந்து மெயில்களுக்குத் தனித்தனியாகப் பதில் வரும் என்று எழுதி, வரும் என்பதை அழித்து, எழுதுகிறேன் என்று மாற்றினேன்.

வீட்டுக்குப் போனபோது ஆறு மணி. அண்ணி குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினம் ஒரு வெள்ளைக் கோட்டு வேண்டும். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போய் ஒரு மாதம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பால்கனியில் செத்துப்போன ஒரு மெஷின்.

“வாம்மா அறிவாளி. மறுபடி போன் போட்டியா அவனுங்களுக்கு?”

“போடலை அண்ணி.”

“போடாதே. ஊர்ல இருக்கிற கட்டுரையெல்லாம் படி. வீட்டு மெஷினுக்கு ஒரு போன் போடாதே. என் கையைப் பாரு. ரத்தம் எடுக்கப் போனா, நோயாளி என் கையைப் பாத்து பயப்படறான்.”

“அண்ணி, போன வாரம் என் கடிதம் வந்துச்சே, படிச்சீங்களா?”

“படிச்சேன் படிச்சேன். நல்லாருந்துச்சு.”

“எது நல்லாருந்துச்சு?”

“எல்லாந்தான்.” கோட்டைத் தண்ணீரில் அலசினாள். நான் அப்படியே நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள். “ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?”

சொன்னேன். லிங்க், மேலாளர், மெஷின், லிஃப்ட்காரர். சுருக்கமாகத்தான் சொன்னேன். பாதியில் அவள் துவைப்பதை நிறுத்திவிட்டாள்.

“நானும் படிக்கலைடி” என்றாள். “தலைப்பு மட்டும் பார்ப்பேன். உன் பேரு இருக்கான்னு பார்ப்பேன்.”

“தெரியும் அண்ணி.”

“சரி, அந்தப் பதினாலு என்ன? படி, கேக்கறேன்.”

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். குளியலறை வாசலில் நின்று பதினான்காம் பிரிவைப் படித்தேன். நீளமாக இருந்தது. அவள் கையிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

“இரு. கதவு தொறந்தா அவங்களுக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“எத்தனை மணிக்கு ஓடுதுன்னு தெரியும்?”

“ம்.”

“அப்போ நின்னு போனதும் தெரியும்ல?”

“‘பழுது ஏற்பட்டால் அந்த நொடியே’ன்னு போட்டிருக்கு.”

“மூணு வாரமா தெரியும். அப்புறம் ஏன் ஒருத்தன்கூட வரலை?”

பிரிவை மறுபடி மேலிருந்து பார்த்தேன். தகவல் அனுப்பப்படும் என்று இருந்தது. சேமிக்கப்படும், வகைப்படுத்தப்படும், எண்ணப்படும் என்று இருந்தது. யாராவது படிப்பார்கள் என்று எங்கும் இல்லை.

“என்ன போட்டிருக்கு?”

“ஒண்ணும் இல்லை அண்ணி.”

“போனை வச்சுட்டு இந்தப் போர்வை முனையைப் புடி.”

போர்வை கனமாக இருந்தது. அவள் ஒரு பக்கம் முறுக்கினாள். நான் மறுபக்கம் முறுக்கினேன்.