காயத்துக்கு உப்புத் தண்ணீர்

“இன்னாடா சீனு, மரமாட்டம் நின்னுகினு கீற? கலசத்தத் தூக்கிகினு எறங்கு. இடுப்பளவு தண்ணி வரணும்,” என்றார் சித்தப்பா பார்த்தசாரதி.

சீனு வேட்டியை மடித்துக் கட்டினான். அப்பாவின் அஸ்திக் கலசம் வாயில் சிவப்புத் துணி கட்டி, மணலில் வாழையிலைமேல் இருந்தது. குனிந்து எடுத்தவன், வலது காலை ஊன்றும்போது முகத்தைச் சுளித்தான்.

அவன் அம்மா ஞானம்பாள் பார்த்துவிட்டாள்.

“காலக் காட்டு.”

“ஒண்ணுமில்லம்மா. நேத்து கொள்ளிக்குடம் ஒடைச்சதுல ஓடு குத்திடிச்சி.”

குதிகாலுக்குப் பக்கத்தில் கீறல். இன்னும் காயாமல் செக்கச்செவேலென்று இருந்தது.

“அட, இதுக்கா? கடல்ல எறங்கினா சரியாப்பூடும். உப்புத் தண்ணிய வுட மருந்து இன்னாடா கீது?” என்றார் பார்த்தசாரதி.

ஞானம்பாள் குனிந்து கீறலைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள்.

போன ஞாயிறு, இதே மாமல்லபுரத்துக் கரை. கூடுவாஞ்சேரியிலிருந்து நண்டு வாங்க இவ்வளவு தூரமா என்று அவள் சலித்துக்கொண்டதைக் கணவர் பக்தவத்சலம் காதில் வாங்கவில்லை. கூடையில் உயிரோடிருந்த நண்டைப் புரட்டிப் பார்த்தவரின் கட்டைவிரலைக் கொடுக்கு கவ்வியது. “உன்ன வுடக் கோவக்காரியா கீறாளே!” என்று ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தார். “சிரிச்சது போதும், கடல்ல கழுவிகினு வாங்க. உப்புத் தண்ணி பட்டா ஆறிடும்” என்று அவள்தான் அனுப்பினாள். அவரும் நல்ல பிள்ளையாகப் போய், அலைக்குள் கையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் கை தோள்வரை வீங்கி, தோலெல்லாம் கறுப்புக் கொப்புளம். விப்ரியோ என்று ஒரு கிருமி என்றார் டாக்டர். வெயில் காலத்தில் கடல் தண்ணீரிலும் நண்டு, இறாலிலும் பெருகுமாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இவரைப்போல் கல்லீரல் கெட்டவர்களுக்குச் சின்னக் காயம் போதும், ரத்தத்தில் ஏறிவிடும். “காயத்தோட கடல் தண்ணியில கை வெச்சாரா?” என்று அவர் கேட்டபோது ஞானம்பாள் தலையாட்டினாள். யார் சொல்லிக் கையை வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த விடியலில் ஆள் இல்லை.

“எறங்காத சீனு,” என்றாள்.

“இன்னா அண்ணி, நல்ல நேரம் போவுது!”

“அவன் வேணாம் தம்பி. நான் கரைக்கிறேன்.”

“பொம்பளையா? நாலு பேரு சிரிப்பாங்க அண்ணி. பையன் கல்லு மாரி கீறான், அவனுக்கு இன்னா ஆவும்?”

“அன்னிக்கு நானும் இதையேதான் சொன்னேன்.”

“எத?”

“உப்புத் தண்ணி பட்டா ஆறிடும்னு. உங்க அண்ணன்கிட்ட.”

பார்த்தசாரதி சீனுவின் காலைப் பார்த்தார். கையிலிருந்த மஞ்சள் பையை மடித்தார், மறுபடி பிரித்தார்.

சீனு கலசத்தை அம்மாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்ட பிறகும் சற்று நேரம் அவன் கையை எடுக்கவில்லை.

முழங்கால், இடுப்பு என்று அலைகள் ஏறின. துணியை அவிழ்த்துக் கவிழ்த்தாள். ஓர் அலை சாம்பலை அவள் புடவைமேலேயே திருப்பிக் கொண்டுவந்தது. அடுத்தது எடுத்துக்கொண்டு போனது.

கரையேறியவள் நேரே காருக்குப் போய்க் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

“உக்காரு. காலை நீட்டு.”

“நான்தான் தண்ணியிலயே எறங்கலையேம்மா.”

காதில் விழாதவள்போல மூடியைத் திருகினாள். அவன் காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாட்டில் காலியாகும்வரை ஊற்றினாள். அவள் புடவை முழுக்கக் கடல் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தானை அந்தக் காலில் பட்டுவிடாமல், இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.