செங்கல்வராயன் ‘சரி’ சொன்ன நாட்கள்

என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் வாயைத் திறந்தால் ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவு முழுக்கக் கேட்கும். நாளைக்கு அமாவாசை என்று நான் சொன்னால்கூட, இல்லை என்று காட்டக் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் சண்டையில்லாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் போன ஆடி மாதத்திலிருந்து எதைச் சொன்னாலும் “சரி” என்றார்.

பொய் சொல்வானேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான். மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்று கற்பூரம்கூட ஏற்றினேன். பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. வலை விடப் போனவர் ஏரியில் எங்களுக்கென்று ஒதுக்கிய இடம் எது என்று தெரியாமல் யாரோ ஒருவர் இடத்தில் போய் நின்றார். வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். அறுபத்திரண்டு ஒரு வயசா?

ஊரில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பொன்னேரியில் ஒரு டாக்டர் வயசாகிவிட்டது என்றார். பக்கத்து வீட்டுக் குப்பம்மா சூனியம் என்றாள். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்றார்கள். “அது எனக்கு முன்னாடியே தெரியுமே” என்றேன். அதற்கும் அவர் “சரி” என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன். எனக்கு என் சண்டைக்காரர் வேண்டும்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மகன் லோகேஷ் ஒரு யோசனை சொன்னான். “யம்மா, நைனாவ சும்மா குந்த வெக்காத. கைக்கு வேலை குடுத்தாத்தான் மூளை மழுங்காதுனு போன்ல போட்டுக்கிறான்.”

நியாயமாகத்தான் பட்டது. முழங்கால் வலி வந்த இரண்டு வருஷமாகவே ஊரில் பாதி வலைக்கு, தண்ணீரில் அமிழ்வதற்காக அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அதையே பொழுதெல்லாம் செய்யட்டும் என்று விட்டேன். பழைய ஈயத்தை நானே அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றிக் கொடுப்பேன். அவர் ஆறேழு குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளி, கயிற்றில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குவார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். கை தொங்கிப்போனாலும் பல் உழைத்தது.

ஆனால் மனிதர் இன்னும் மோசமானார். வேலை போதவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் கொஞ்சம் ஈயம் உருக்கினேன்.

தை மாதம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நரம்பு டாக்டர் நிவேதா, சின்ன வயசு, பொறுமைசாலி. எல்லாச் சோதனைத் தாளையும் புரட்டினார். கொஞ்சம் ரத்தசோகை, வேறு எதுவும் இல்லை. யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எங்களை வெளியே உட்காரச் சொன்னார்.

வீட்டுக்காரர் எழுந்து எங்கேயாவது போய்விடக் கூடாதே என்று, பையில் கொண்டுவந்திருந்த கயிற்றையும் ஈயத்தையும் எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா வெளியே வந்தபோது மனிதர் கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா அது, ஐயா வாயில?”

“ஈயம்மா. வலைக்கு கட்றது.”

“வாயில வெச்சுக்கிட்டா கட்டுவாங்க?”

“பின்ன? மூணாவது கைக்கு எங்க போறது?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு தட்டை நீட்டித் துப்பச் சொன்னார். ஏழு குண்டுகள் டணடணவென்று விழுந்தன. டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டி நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடியது.

“வயசும் இல்ல, சூனியமும் இல்லம்மா. ஈயம் உடம்புல ஏறியிருக்கு. மூளை, நரம்பு, வயிறு எல்லாத்தையும் கெடுக்கும். ரத்தத்துல பார்த்துடலாம். வீட்டுல உருக்குறது யாரு?”

“நான்தான்” என்றேன்.

ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கம் என்று வந்தது. என் ரத்தத்திலும் கொஞ்சம் இருந்தது. “அதான் உனக்கு இம்மாங் கோவமா?” என்று கேட்ட லோகேஷின் முதுகில் ஒன்று வைத்தேன். ஈயத்தை வெளியே இழுக்கும் மருந்து கொடுத்தார்கள். கை மெல்லத் திரும்பும், ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

ஊருக்கு வந்ததும் அச்சையும் ஈயத்தையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினோம். விஷயம் பரவி, தெருவில் பல்லுக்குப் பதிலாகக் குண்டை இறுக்க ஆளுக்கொரு குறடு வாங்கினார்கள். என் மனசு மட்டும் ஆறவில்லை. குணமாகட்டும் என்று நினைத்து, என் கையாலேயே தினம் எடுத்துக் கொடுத்திருக்கிறேனே!

பங்குனியில் ஒரு மத்தியானம் அவர் வலது கையால் தானே சோறு பிசைந்து சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

“யோவ், ஒண்ணு சொல்லணும். நீ முடியாம கெடந்தப்ப அந்த ஈயத்த உருக்கி உருக்கிக் குடுத்தது நான்தான். தெரியாம செஞ்சுட்டேன்யா.”

சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போடி இவளே! முப்பத்தாறு வருஷம் உன் மீன் கொழம்ப துன்னுட்டு உசுரோட இருக்கறேன். ஈயம் இன்னாடி பண்ணிடும் என்னை?”

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. என் குழம்புக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். புளியில் ஆரம்பித்தவர் விளக்கு வைக்கும் வரை நிறுத்தவில்லை. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.