மலாங் மரியாதையாகப் பேசிய நாள்

1

இந்தக் கதையை நான் திருடினேன். சந்தைக்குப் போகும் வேனில் முன் இருக்கையில் கருவாட்டுக்காரி தேனிங் ஃபாய், பின் இருக்கையில் மலாங் பாஜி. நடந்த ஒரே சம்பவத்தை இருவரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு விதமாக, கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நடுவில் நான், என் மடியில் யாரோ வைத்துவிட்டுப்போன கோழி. அவள் சொன்ன கதையில் அவன் மடையன். அவன் சொன்ன கதையில் அவள் மடைச்சி. வேன் நின்றதும் கோழியை உரியவரிடம் கொடுத்துவிட்டேன். கதையைக் கொடுக்கவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் செரேர் இனம், தேனிங்கும் அப்படியே. மலாங் ஜோலா. எங்கள் இரண்டு இனத்துக்கும் நடுவே கேலி முறை உண்டு. மாமன் மச்சான் கேலி மாதிரிதான், ஆனால் இனத்துக்கு மொத்தமாக. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் திட்டியே ஆக வேண்டும். நீ என் அடிமை, உன் தாத்தா எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், இப்படி. கோபித்துக்கொள்ளக் கூடாது. சொல்வதை நம்பவும் கூடாது.

ஆக, ஒரு ஜோலாவைப் பற்றி ஒரு செரேர் எழுதும் எதையும் நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. என் கையில் பேனா இருக்கிறது, முறையும் இருக்கிறது. இரண்டில் எது எழுதுகிறது என்று சில இடங்களில் எனக்கே தெரியவில்லை.

2

தொடக்கங்கள்:

கடல் தன் நீண்ட நாக்கை நீட்டி ஊரை நக்கி—

(வேண்டாம். கடலுக்கு நாக்கு கொடுத்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். கடல் எங்கள்மேல் வன்மம் எதுவும் வைத்திருக்கவில்லை. உயர்ந்தது, அவ்வளவுதான்.)

புவி வெப்பமடைவதன் விளைவாக மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரங்களில்—

(இது தலைநகரிலிருந்து வந்த அதிகாரியின் பேச்சு. கேட்டவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் மதியச் சாப்பாடு உண்டா என்று விசாரித்தார்கள். உண்டு. நன்றாகவே இருந்தது, மீன் சோறு.)

மலாங் பாஜிக்கு அந்த வேலையைக் கொடுத்தது ஒரு தவறு.

ஆம், இதுதான். இங்கேயிருந்து போவோம்.

3

மலாங் பாஜிக்கு அந்த வேலையைக் கொடுத்தது ஒரு தவறு. வேலை இதுதான்: பெரிய அலை வரப்போகிறது என்று கைபேசியில் செய்தி வந்ததும் சிவப்புக் கொடியை ஏற்ற வேண்டும், வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்ப வேண்டும். எங்கள் செரேர் ஊர் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி. முதல் வரிசை வீடுகள் போயின, பிறகு பள்ளிக்கூடம், பிறகு சவுக்குத் தோப்பு. கழிக்கு அக்கரையில், மேட்டில், புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் போய்விட்டோம். சில குடும்பங்கள் மட்டும் அசையவில்லை.

"இந்த ஊரில் எல்லா வீட்டிலும் வரவேற்பு இருக்கிற ஆள் யார்?" என்று அதிகாரி கேட்டார். எல்லா விரலும் மலாங்கைக் காட்டின. பொய்யில்லை. அவன் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைவான், சட்டியைத் திறந்து பார்ப்பான், இருப்பதைச் சாப்பிடுவான். வீடே சிரித்துக்கொண்டிருக்கும்.

அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சொல்வது எதையும் நம்பக் கூடாது என்று முறை வகுத்திருக்கிற ஒருவனை, ஊரே சேர்ந்து எச்சரிக்கைக்காரனாக்கினோம். அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

முதல் முறை கொடி ஏறியபோது மலாங் தேனிங்கின் வாசலுக்கு ஓடினான்.

"அடியே, என் அடிமையே! கடல் வருது, மூட்டையைக் கட்டு!"

தேனிங் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வரட்டுமே. நீ தின்னறதவிட அது கம்மியாத்தான் தின்னும்."

"விளையாடலடி, நெசமாத்தான் சொல்றேன்!"

"ஜோலாவும் நெசமும் ஒரே வாசல்ல நிக்குமாடா? எங்கிட்ட வாங்கித் தின்ன சோத்துக்காவது கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லு."

பக்கத்து வீட்டுக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலாங்கும் சிரித்துவிட்டான். பாவம், அது அவனுக்குப் பழக்கம். அன்று மாலை தண்ணீர் முற்றம் வரை வந்து, கருவாட்டுப் பரணைப் பிடுங்கிக்கொண்டு போனது. தேனிங் வேறு பரண் கட்டினாள்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவள் ஏன் போகவில்லை?

முதலில் எழுதியது: கணவன் கல் கல்லாகக் கட்டிய வீடு, அவன் நினைவாக— . தேனிங்கிடம் படித்துக் காட்டினேன். "நெனவா? அந்த ஆளு கினி பக்கம் மீன் புடிக்கப் போயி மாசக்கணக்கா ஆச்சு. என்னையே அவன் நெனைக்கல, நான் அவன் செவுத்த நெனைக்கணுமா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அக்கரையிலிருந்து தினமும் மீன் கூடையைச் சுமந்து படகேறி வந்துபோக முடியாது— . இது உண்மை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இதே உண்மைதான், அவர்கள் போய்விட்டார்களே.

மூன்றாவதை அவளே சொன்னாள். "மலாங் சொல்லி நான் கெளம்பினேன்னு வெச்சுக்க, சாகுற வரைக்கும் ஒவ்வொரு கல்யாணத்துலயும் எந்திரிச்சு நின்னு சொல்லுவான். ஒரு சொல்லுக்கு ஓடுனாடா செரேர்க்காரின்னு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேறு குரலில் பேசினாள். அவள் பிறந்த வீட்டையும் கடல் கொண்டுபோயிற்று. வாழ வந்த முதல் வீட்டையும் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், இது போதும், இவ்வளவு தூரத்துக்கு வராது என்றார். "எனக்கு அலுத்துப்போச்சுப்பா" என்றாள். பிடிவாதக்காரி என்று நான் எழுதிவைத்திருந்த பக்கத்தை அங்கேயே கிழித்தேன். அவள் களைத்துப் போயிருந்தாள். பிடிவாதமும் களைப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்.*

* இந்த வரியை மலாங்கிடம் படித்துக் காட்டியபோது, "களைப்பா? அவ வாய்க்கு ஒரு நாளாவது களைப்பு வந்துருக்கா?" என்று கேட்டான். குறிப்பாக இங்கேயே போட்டுவைக்கிறேன். இல்லாவிட்டால் விட மாட்டான்.

5

மழைக்காலம், மதியம். தேனிங்கின் மூன்று பிள்ளைகளும் கடல் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே அந்த அறையில்தான் காற்று வரும். அவள் முற்றத்தில் உட்கார்ந்து கம்பு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கொடியைப் பார்த்தாள். அதற்குக் கீழே மலாங் வருவதையும் பார்த்து, ஒரு நல்ல வசவை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவன் வாசலில் நின்றான். உள்ளே நுழையவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"ஃபாய்" என்றான்.

குடும்பப் பெயரைச் சொல்லி வாழ்த்துவது பெரியவர்களுக்குச் செய்வது, சம்பந்தி வீட்டாருக்குச் செய்வது. ஒரு ஜோலா ஒரு செரேர்க்காரிக்குச் செய்வதே இல்லை.

"ஃபாய். வீட்ல எல்லாரும் சமாதானமா இருக்கீங்களா?"

சல்லடை நின்றது.

"என்னடா ஆச்சு உனக்கு? காய்ச்சலா?"

"இல்லீங்க, சமாதானமா இருக்கேன். புள்ளைங்க சமாதானமா இருக்காங்களா?"

(சாவு வீட்டில்கூட எங்களுக்குள் இந்த மரியாதை கிடையாது. செரேர் செத்தால் ஜோலா வந்து பிணத்தின் தலைமாட்டில் நின்று, "எந்திரி சோம்பேறி, நடிச்சது போதும்" என்று கத்துவான். அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அதற்குத்தான் அந்த முறையே. ஆகவே தேனிங்கின் மனதில் ஓடியது இதுதான்: சாவுக்கும் வராத மரியாதை இவனுக்கு வந்திருக்கிறது. அப்படியானால் இது சாவைவிடப் பெரிசு.)

"மலாங், திட்டுடா என்னைய."

"திட்ட நேரமில்லீங்க. புள்ளைங்கள எழுப்புங்க."

அவள் கத்திய கத்தலில் பிள்ளைகள் தாமாகவே எழுந்துவிட்டார்கள். சல்லடை ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். சின்னது அவள் இடுப்பில், நடுவுள்ளது கையில், பெரியதை மலாங் தோளில் தூக்கிக்கொண்டான். படகுத்துறை வரை வழியெல்லாம் அவள் கூவிக்கொண்டே ஓடினாள்: "ஜோலா எனக்கு மரியாத குடுத்துட்டான்! கெளம்புங்கடி, ஜோலா மரியாத குடுத்துட்டான்!" அசையாமலிருந்த மற்ற குடும்பங்களும் அதைக் கேட்டுத்தான் கிளம்பின. அவர்களுக்கு வேறெந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

6

முடிவுகள்.

அ. வீடு அப்படியே நின்றது. தேனிங் திரும்பிப் போனாள். மலாங்கை அதற்குப் பிறகு யாரும், மரியாதையாகப் பேசினாலும்கூட, நம்பவில்லை. (நடக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கவில்லை.)

ஆ. படகு நடுக்கழிக்கு வந்தபோது பெரியவன், "என் பந்து" என்று—

(இல்லை. எழுதினேன், படித்தேன், கிழித்தேன். தப்பித்து வந்த பிள்ளைகளைக் கதைக்காகத் திருப்பி அனுப்புகிற எழுத்தாளன் நானில்லை. உருக்கமாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் போய் எழுதிக்கொள்ளுங்கள், என் தாளில் வேண்டாம்.)

இ. நடந்தது. அக்கரையில் நின்று பார்த்தார்கள். அலை ஒன்றும் மலை மாதிரி வரவில்லை, சாதாரணமாகத்தான் வந்தது. சுவருக்கு அடியில் மணலை எடுத்தது, மறுபடி வந்தது, மறுபடி எடுத்தது. கடல் பக்கத்து அறை மெதுவாக உட்கார்ந்தது, பிறகு சாய்ந்தது. பிள்ளைகள் படுத்திருந்த பாய் மிதந்து வெளியே வந்தது.

ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை இன்னொரு முறை எழுத ஆசையாக இருக்கிறது: ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தேனிங் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மலாங் பக்கத்தில் நின்றான், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் அன்றைக்குத்தான் பயம் முழுதாக வந்தது.

"இப்பவாவது திட்டேன்டா" என்றாள்.

அவன் கழற்றிய தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டான்.

"வீடு போச்சு, பரண் போச்சு, அந்த வாய் மட்டும் அப்படியே இருக்கு பாரு. கடலுக்கே வேணாமாம்டி."

தேனிங் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தாள். அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது, அவள் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் இறங்கியது. அந்தக் கரையில் நானும் நின்றுகொண்டிருந்தேன் என்பதை இதுவரை சொல்லாமல் வந்தேன். கதை அவளுடையது என்பதால்.

7

இப்போது ஊருக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போடவில்லை, தானாக வந்தது. கொடி ஏறட்டும், கைபேசி கத்தட்டும், நாங்கள் மலாங்கின் வாயைப் பார்ப்போம். திட்டினால் வேலையைத் தொடர்வோம். வணக்கம் சொன்னால் ஓடுவோம். அதிகாரி மறுபடி வந்தபோது இதை விளக்கப் பார்த்தோம். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் குடும்பப் பெயர் கேய் என்றும், அந்தப் பெயர்க்காரர்களுக்கும் வேறொரு பெயர்க்காரர்களோடு இப்படி ஒரு கேலி முறை உண்டு என்றும் சொன்னார்.

என் சிக்கல் மட்டும் தீரவில்லை. மலாங் நல்லவன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு செரேர் ஒரு ஜோலாவைப் புகழ்ந்து அச்சில் போட்டால் ஊர் படித்துவிட்டு மூட்டையைக் கட்டும். ஆகவே எழுதவில்லை. மலாங் ஒரு சோற்றுத் திருடன், என் அடிமை, அவன் இனத்திலேயே அவனைவிட மோசமானவன் கிடையாது. நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கதையைப் படித்துக் காட்ட மலாங்கை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தெருமுனையில் திரும்புகிறான். தேனிங்கின் புது வீட்டு வாசலைத் தாண்டுகிறான், அவள் உள்ளேயிருந்து ஏதோ சொல்கிறாள், இங்கே கேட்கவில்லை. முகம் தெரியவில்லை, வெயில் அவனுக்குப் பின்னால் இருக்கிறது. வந்துவிட்டான். நிலைப்படியில் நிற்கிறான். வாயைத் திறக்கிறான்.

பேனாவை இங்கே வைக்கிறேன். அவன் சொல்லும் முதல் சொல்லை நீங்கள் எழுதுங்கள். என் தொந்தியைப் பற்றி இருக்கலாம், என் எழுத்தைப் பற்றி இருக்கலாம், கூசாமல் எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மரியாதையாக மட்டும் பேச வைத்துவிடாதீர்கள். இந்த மேட்டுக்குப் பின்னால் உப்புத் தரைதான் இருக்கிறது, நாங்கள் போக வேறு இடமில்லை.