சரீபா வீட்டு டிவி

அம்புறோஸ் நேர்மையான மனிதர் என்று அந்த ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாட்சிக்கு ஒரு டிவியும் இருந்தது. பக்கத்து வளவு அப்துல் றசாக் சவூதியில் மூன்று வருஷம் லொறி ஓட்டி, திரும்பி வரும்போது பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்த இருபது அங்குலக் கலர் டிவி அது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்களை இயக்கம் மன்னார்த் தீவை விட்டு வெளியேறச் சொன்னபோது, வள்ளத்தில் ஆளுக்கே இடம் போதவில்லை. றசாக் டிவியை அம்புறோஸ் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, "இது அமானிதம் அண்ணன். நம்பித் தந்திட்டுப் போறம். அல்லாஹ் கொண்டு வந்தா வந்து எடுப்பம்," என்றார். அம்புறோஸ் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுச் சத்தியம் பண்ணினார்.

அம்புறோஸின் மனைவி அன்ரோனெற் அப்போது கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். றசாக்கின் மனைவி சரீபா அவளிடம் எந்தச் சாமானையும் ஒப்படைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட கிணத்தில அள்ளிக்கொண்டே இருங்கோ. அள்ளாட்டித் தண்ணி கெட்டுப்போகும்," என்று மட்டும் சொன்னாள்.

தீவில் கிணறு வெட்டுகிறவனுக்குத் தெரியும், பத்துக் கிணற்றில் எட்டு உவர். அன்ரோனெற் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு வேகாது. வேலிக்கு அந்தப்பக்கம் இருபது அடி தள்ளிச் சரீபாவின் கிணறு. அது நல்ல தண்ணீர். அன்ரோனெற் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த மறுநாளே சரீபா வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தாள். நேரம் காலம் பாராமல் அன்ரோனெற் குடத்தோடு போவாள். ஒருநாளும் சரீபா முகம் சுளித்தது கிடையாது. சொந்தத் தங்கச்சியானாலும் அப்படிக் கொடுப்பாளா என்பது சந்தேகம்.

கரண்ட் இல்லாத வருஷங்களில் டிவி பழைய வள்ளப்பாயில் சுற்றியபடி அலுமாரிக்கு மேல் கிடந்தது. கரண்ட் வந்த அன்று அம்புறோஸ் அதை இறக்கித் துடைத்து, கோயிலில் சொரூபம் ஏற்றுவது போல மேசையில் ஏற்றிச் சுவிச்சைப் போட்டார். உள்ளே ஏதோ பொரிந்தது. கருகிய மணம் வந்தது. உப்புக்காற்று பாயையும் தாண்டிப் போய்த் தன் வேலையைச் செய்திருந்தது.

"விட்டிட்டு வேறயொண்டு வாங்குவம்," என்றாள் அன்ரோனெற். மூத்த மகள் அடுத்த ஒழுங்கைக்கு ஓடிப்போய், யார் வீட்டு யன்னலிலோ தொங்கிக்கொண்டு படம் பார்த்துவிட்டு வருவது அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"அடுத்தவன்ர சாமானை மாத்த எங்களுக்கு உரிமை இல்லை," என்றார் அம்புறோஸ். "திருத்தலாம். மாத்தக் கூடாது."

"அதைத் திருத்தி வையுங்கோ. எங்களுக்கு ஒண்டு வாங்குங்கோ."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு டிவி என்னத்துக்கு?"

பொய் சொல்லக் கூடாது, அந்த நாளில் அந்த மனிதர் மனதார நேர்மையாகத்தான் இருந்தார். டிவியைச் சைக்கிளில் கட்டி, பட்டினத்து மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டு போய்த் திருத்திக் கொண்டுவந்தார். ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு படம் மட்டும் தெரிந்தது, சத்தம் இல்லை. பிறகு சத்தம் மட்டும் கேட்டது, படம் இல்லை. ஒரு மாரி முழுவதும் எல்லாருக்கும் முகம் பச்சை. கல்யாணப் பெண்ணும் பச்சை, மாப்பிள்ளையும் பச்சை, பூசை வைக்கிற சுவாமியாரும் பச்சை. சுவிச்சைப் போட்டுவிட்டுச் சோறு வடித்து இறக்கி வந்தால்தான் சூடேறிப் படம் வரும். மெக்கானிக்கே கடைசியில் கும்பிட்டான். "அண்ணை, இதைத் திருத்திற காசுக்குப் புதுசு வாங்கலாம். சாமானும் வருகுதில்லை."

"எங்கயெண்டாலும் எடுத்துப் போடு தம்பி. இது அமானிதம்," என்றார் அம்புறோஸ். கத்தோலிக்க வாயில் அந்த வார்த்தையைக் கேட்டு மெக்கானிக் அதிசயப்பட்டு நாலு பேரிடம் சொன்னான். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஒரு ஞாயிறு சுவாமியாரே பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, முழுக் கோயிலும் திரும்பி அம்புறோஸைத்தான் பார்த்தது. அன்ரோனெற்றுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பச்சை முகங்களைப் பார்த்தபோது பெருமை பாதியாகக் குறைந்தது.

இது டிவியின் கதை. வேலியின் கதை வேறு.

ஓலை வேலி இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. அது இற்று விழுந்தபோது அம்புறோஸ் அதைத் திருத்தவில்லை. பிடுங்கிவிட்டு, சரீபாவின் கிணற்றுக்கு அந்தப்பக்கம் புது வேலி போட்டார். "ஆமிக்காரரும் கண்டவனும் வந்து அள்ளுறாங்கள். அவை வருமட்டும் காவலுக்கு," என்றார். அன்ரோனெற்றுக்கு அது நியாயமாகவே பட்டது. குடத்தோடு பொட்டுக்குள்ளால் குனிந்து போகத் தேவையில்லாமல் போனதும் சுகமாக இருந்தது. பிறகு தண்ணீர் மோட்டர் பூட்டினார். பிறகு, சமாதானக் காலத்தில் சீமெந்து தாராளமாக வந்தபோது, வேலி நின்ற இடத்தில் கல்மதில் எழும்பியது.

"காவலுக்குக் கல்மதில் வேணுமோ?" என்று கேட்டாள்.

"ஓலை அடிக்கடி மாத்த ஏலாது."

மதில் எழும்பிய அதே மாதந்தான் அம்புறோஸ் கொழும்புக்கு ஆள் விட்டுத் தேடி, டிவிக்குப் பிக்சர் ரியூப் மாற்றினார். அன்ரோனெற் இரண்டையும் பார்த்தாள். மனதில் ஏதோ முள்ளாய்க் குத்தியது. ஆனால் அடுப்படியில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வந்தது. அது வருகிறபோது முள்ளைத் தேடி எடுக்க யாருக்கு மனம் வரும்?

சண்டை முடிந்த மறுவருஷம் சரீபா வந்தாள். புத்தளம் முகாமில் இருபது வருஷம். றசாக் அங்கேயே மவுத்தாகிவிட்டார். தலைமுடி வெளுத்து, முன்பல் ஒன்று இல்லாமல், பேச்சிலும் புத்தளத்துச் சாயல் ஏறி, பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையில் நடந்து வந்தவளை அன்ரோனெற் நடையில்தான் அடையாளம் கண்டாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அது உண்மையான அழுகை.

அம்புறோஸ் ஆயத்தமாக இருந்தார். அவள் வரப்போகிற செய்தி பள்ளிவாசல் மூலம் முன்பே வந்திருந்தது. அவளுக்கு முன்னமே ஊர் திரும்பியிருந்த பள்ளிவாசல் தலைவர் சரிபுதீனையும், கோயில் சபைத் தலைவர் சிங்கராசாவையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தியிருந்தார். அன்ரோனெற்றிடம் காலையிலேயே சொல்லிவிட்டார்: "மதிலைப் பற்றி ஏதும் கதை வந்தா, நீ வாயைத் திறக்காத. வேலி எப்பவும் அதிலதான் இருந்தது."

வெள்ளைத் துணியை நீக்கி டிவியைப் போட்டார். படம் அன்றைக்கென்று உடனே வந்தது.

"பாருங்கோ தங்கச்சி. றசாக் தந்த அதே சாமான். பிள்ளையள் மாத்துவம் மாத்துவம் எண்டு உயிரை எடுத்ததுகள். நான் விடேல்லை."

சரீபா டிவியின் பக்கவாட்டில் கையை வைத்தாள். புருஷன் தொட்ட இடம் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தக் கையை எடுக்காமலே வெகுநேரம் அழுதாள். சரிபுதீனுக்கும் கண் கலங்கியது. "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மனிசன். நாலு இடத்தில சொல்ல வேணும்," என்றார். சிங்கராசா தானே திருத்தியவர் போல் நிமிர்ந்து இருந்தார்.

தேநீர் கொண்டுவந்தாள் அன்ரோனெற். சரீபா ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்தாள். "இது எங்கட கிணத்துத் தண்ணி," என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை அன்ரோனெற்றால் பார்க்க முடியவில்லை. சரீபா எழும்பி வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனாள். ஆண்கள் பின்னால் போனார்கள். கிணற்றைப் பார்த்தாள். கிணற்றுக்கு அந்தப்பக்கம் ஆள் உயரத்துக்கு நின்ற மதிலைப் பார்த்தாள்.

"அண்ணன், மதில் கிணத்துக்கு இந்தப் பக்கமெல்லோ வரணும்?"

"வேலி இருந்த இடத்திலதானே தங்கச்சி கட்டினது. கிணறு எப்பவும் பங்குக் கிணறு மாதிரித்தானே. இருபது வருஷம் இறைச்சு, துப்பரவாக்கினது நான்."

"பங்கு இல்ல. குடுத்தம்."

சரிபுதீன் சங்கடத்தோடு செருமினார். "சரீபா, உன்ர காணி உறுதிப் பத்திரமெல்லாம் முகாம் எரிஞ்சபோது போயிற்று எண்டாய். இவ்வளவு காலமா ஒரு டிவியையே பொத்திப் பொத்தி வைச்சுத் திருப்பித் தாற மனிசன், கிணத்தையா எடுக்கப் போறார்? யோசிச்சுக் கதைக்க வேணும்."

அன்ரோனெற்றுக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கியது. பச்சை முகமும், பிக்சர் ரியூப்பும், சுவாமியாரின் பிரசங்கமும் எதற்கென்று விளங்கியது. தன் புருஷன் இருபது வருஷமாகத் திருத்தியது டிவியை அல்ல, தன் பெயரை. அந்தப் பெயருக்கு முன்னால் உறுதி இல்லாத ஒரு விதவையின் வார்த்தை எடுபடாது. எவ்வளவு பெரிய கெட்டிக்காரனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நினைக்க அவளுக்கு அருவருத்தது.

சரீபா அவள் பக்கம் திரும்பினாள். "அன்ரோனெற், நீ சொல்லு. நான் வைச்சுத் தந்த பொட்டு எங்க இருந்தது?"

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். கோடியில் நிற்கிற மாமரத்துக்கு நேரே, கிணற்றுக்கு இருபது அடி இந்தப்பக்கம் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். அந்த ஒரு வாக்கியத்தில் கிணறு சரீபாவுக்குப் போய்விடும். நாளை முதல் உவர்த்தண்ணீர். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகளும் இந்தக் குழாயில்தான் தண்ணீர் எடுக்கிறாள். இரவைக்கு இந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"கன காலமாப் போச்சு," என்றாள் அன்ரோனெற். "எனக்குச் சரியா ஞாபகமில்லை, ராத்தா."

சரீபா அவளையே பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்ரோனெற்றுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"டிவியைப் பின்னேரம் ஓட்டோவில ஏத்தி விடுறன்," என்றார் அம்புறோஸ்.

"வேணாம் அண்ணன். டிவி போனா புதுசு வாங்கலாம். நல்ல தண்ணிக் கிணறு எந்தக் கடையில விக்கிறாங்க?" என்று சொல்லிவிட்டு, தேநீரை முடிக்காமலே போனாள்.

அதற்குப் பிறகு டிவி நாற்பது நாள்கூட ஓடவில்லை. ஒருநாள் செய்தி போய்க்கொண்டிருக்கும்போது படம் நடுவில் ஒரு கோடாகச் சுருங்கிப் போனது. அன்ரோனெற் பழக்கதோஷத்தில், "மெக்கானிக்குக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"இதைத் திருத்த எனக்கென்ன விசரே?" என்றார் அம்புறோஸ். "நாலு பேர் முன்னால அவ வேண்டாமெண்டிட்டா. இனி எங்கட சாமான்தானே."

பழைய இரும்பு எடுக்க வருகிறவனிடம் அதைத் தூக்கிக் கொடுத்தார். அந்தக் கிழமையே பட்டினத்திலிருந்து தட்டை டிவி வந்து சுவரில் ஏறியது. முகங்கள் முகங்களின் நிறத்தில் இருந்தன.

"நீ கேட்டுக் கேட்டுச் சலிச்சதுதானே. இந்தா," என்று ரிமோட்டை நீட்டினார்.

"ஓம், கேட்டனான்," என்றாள். "அண்டைக்கு அந்த மனிசிக்கு முன்னால வாயை மூடினதுக்கு நீங்கள் தாற கூலி."

அம்புறோஸ் சிரித்தார். "கூலி வேண்டாமெண்டால் அண்டைக்கு வாயைத் திறந்திருக்கலாமே."

அந்த மனிதர் வாழ்நாளில் அவளிடம் சொன்ன மிக உண்மையான வார்த்தை அதுதான்.

சரீபா தன் வளவில் தகரக் கொட்டில் போட்டு, மகன் குடும்பத்தோடு வந்து இருந்துவிட்டாள். முதல் கிழமை அன்ரோனெற் ஒரு குடம் தண்ணீரை மதிலைச் சுற்றிச் சுமந்துகொண்டு அவள் படலைக்குப் போனாள். சரீபா படலையைத் திறக்கவில்லை. "எங்கட தண்ணிய நீ கொண்டு வந்து தந்து நான் குடிக்க ஏலாது, அன்ரோனெற்," என்றாள். குரலில் பழைய அன்பு இருந்தது. அன்ரோனெற் குடத்தை இறக்காமல் திரும்பி வந்தாள். பிறகு போகவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் ஒழுங்கைக்குத் தண்ணீர் பவுசர் லொறி வரும். முடக்கில் வரும்போதே ஹோன் அடிக்கும். மதிலுக்கு அந்தப்பக்கம் வாளிகள் சத்தமிடும், "உம்மா, கெதியா வாங்க," என்று மருமகள் கூப்பிடுவது கேட்கும், வரிசையில் நிற்கச் சரீபா காலை இழுத்து இழுத்து நடந்து போவது கேட்கும். அந்த இரண்டு நாளும் ஹோன் கேட்டதும் அன்ரோனெற் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.