இடது கால் வேண்டாத வண்டி

நானும் மச்சானும் நான்கு கழிகளைச் சட்டமாகக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம். சட்டத்தின் அகலம் ஒரு டிராக்டரின் அகலம். முன்னால் மச்சான், பின்னால் நான். என் மனைவி வரிசையின் தலைப்பில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, இடது காலை நீட்டி உட்கார்ந்து, கிளை எங்கே உரசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், வளைவுல ஹார்ன் அடிக்கணுமா?" என்றான் மச்சான்.

"நீ நேரா போ முதல்ல."

"பெட்ரோல் தீர்ந்து போச்சு. ஒரு டீ போட்டா ஓடும்."

"அவனை இறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் ஓட்டுங்க," என்றாள் அவன் அக்கா.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர் எதையும் கேட்காத மனிதர்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கம்பெனிக்காரர்கள் தரும் தாளில் வண்டியின் அகலம் இருக்கும். ஆனால் மரம் அந்தத் தாளைப் படிப்பதில்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த மாதத்தில் வரிசை அகலமான சாலை மாதிரி இருக்கும். காய் கனத்த மாதத்தில் கிளைகள் தொங்கி, அதே வரிசை சந்து மாதிரி ஆகிவிடும். அதனால் எந்த வண்டி வாங்குவதானாலும், காய் இருக்கும்போது அதன் அளவுக்குச் சட்டம் கட்டி எல்லா வரிசையிலும் தூக்கி நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். வழக்கம் என்றால், என் மனைவி கண்டுபிடித்து நாங்கள் சுமக்கிற வழக்கம்.

தோட்டம் அவளுடையது. நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். கடை ஊருக்குள் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து டிராக்டரை ஓட்டுவது அவள்தான். பக்கத்தில் நின்று அது எப்படி ஓடுகிறது என்று வியப்பது நான். போன வருஷம் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையின் படியில் அவள் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலை அறுத்துத் தைத்தார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம். ஆனால் எதையும் அழுத்தி மிதிக்கக் கூடாது, மிதித்தால் மறுபடி ஆபரேஷன் மேஜைக்கு வர வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழைய டிராக்டரின் கிளட்ச் இடது காலில் இருக்கிறது. கிளட்ச் என்பது இரண்டு தட்டுகள். ஒன்று என்ஜினோடு சுற்றும். இன்னொன்று சக்கரத்துக்குப் போகும். ஒரு கனமான ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். ஒவ்வொரு கியருக்கும், ஒவ்வொரு திருப்பத்துக்கும், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அந்த ஸ்பிரிங்கோடு இடது கால் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு நாள் மருந்தடித்தால் எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. முழங்கால் மட்டும் எண்ணிவைத்துக்கொள்ளும்.

கூலிக்கு வந்த ஓட்டுநர் பாதி மரங்களின் பட்டையை உரித்துவிட்டுப் போனார். அதன்பிறகு மச்சான்தான் ஓட்டினான். அவனுக்கும் கப்பலில் வேலை வந்துவிட்டது; மாதக் கடைசியில் கிளம்புகிறான். அதற்குள் தனக்கு ஓட்ட முடிகிற வண்டி கிடைக்காவிட்டால் தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக என் மனைவி சொல்லிவிட்டாள். அவரிடம் பேசியும் வைத்திருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

அவள் அழவில்லை, புலம்பவில்லை. ஆனால் குத்தகை பேசிய நாளிலிருந்து வீட்டு ஜன்னல்களில் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் மட்டும் மூடியே கிடந்தது.

எங்கள் முன்னால் மூன்று மார்க் இருந்தன. குதிரை, மீன்கொத்தி, மலை. மூன்றும் சின்ன டிராக்டர்கள்தான். அன்று நாங்கள் சுமந்தது மலை மார்க்கின் சட்டம். மேல் வரிசைகளில் தாராளமாகப் போனது. சரிவின் அடியில் இருக்கிற வரிசைகளில் மரங்கள் நெருக்கம். அங்கே இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடித்தது.

"மலை போச்சு," என்றாள் அவள்.

குதிரை மார்க்கின் கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். குதிரைசக்தி எவ்வளவு, எங்கெங்கே உதிரிபாகம் கிடைக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் மச்சானைப் பார்த்தே சொன்னார்.

"ஓட்டப் போறது அவங்க," என்றான் மச்சான்.

"அப்படியா," என்று அவர் என் மனைவியைப் பார்த்துவிட்டு, மறுபடி மச்சானிடமே, "கிளட்ச் பூ மாதிரி இருக்கும்," என்றார்.

அவள் குனிந்து உள்ளங்கையால் அந்தக் கிளட்சை அழுத்திப் பார்த்தாள். "நல்ல பூதான். பனம்பூ," என்றாள். வெளியே வந்துவிட்டோம்.

மீன்கொத்தி மார்க்கின் தாளை முதலில் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஓடும்போது மாற்ற கியரும் இல்லை, மிதிக்க கிளட்சும் இல்லை. என்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய் இன்னொரு பம்பு மாதிரியான ஒன்றுக்குள் புகுந்து அதைச் சுற்றுகிறது. அது சக்கரத்தைச் சுற்றுகிறது. அதாவது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெறும் எண்ணெய். முதல் பம்புக்குள் சாய்கிற தட்டு ஒன்று உண்டு. பெடலை லேசாக மிதித்தால் தட்டு லேசாகச் சாயும், கொஞ்சம் எண்ணெய் போகும், வண்டி நகரும். அழுத்தி மிதித்தால் நிறையச் சாயும், வண்டி விரையும். காலை எடுத்தால் தட்டு நிமிர்ந்துகொள்ளும், எண்ணெய் நிற்கும், வண்டியும் நிற்கும். எல்லாம் வலது காலில்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய வண்டியில் மெதுவாகப் போக என்ஜினைத் தணித்தால் பின்னால் மருந்தடிக்கும் பம்பும் சோர்ந்துவிடும். இதில் என்ஜின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியை மட்டும் ஆமை நடை நடக்க வைக்கலாம். பதிலுக்கு, எண்ணெய் கொஞ்சம் சக்தியைத் தின்னும். தின்றுவிட்டுப் போகட்டும்.

வண்டியைப் பார்க்கப் போகிற வழியெல்லாம் இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

"புரிஞ்சுதா?"

"கிளட்ச் இல்ல. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"அதை முதல் தெருவுலயே சொல்லியிருக்கலாம். மூணு ஊர் தாண்டியாச்சு."

சொன்னாலும் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில்லை. கடையின் பின்புற மைதானத்தில் வண்டி நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். மைதானத்தைச் சுற்றினாள். அங்கே ஒரு மேடு இருந்தது. அதிலிருந்து இறங்கும்போது காலை எடுத்தாள். வண்டி நின்றது. பிறகு மெல்ல, எறும்பு ஊர்வது மாதிரி, கீழ்நோக்கி ஊர ஆரம்பித்தது.

"மேடம், அது எண்ணெய் கொஞ்சம் கசியறதால வர்றது. எல்லா வண்டியிலயும் இருக்கும். பிரேக்கைப் பிடிங்க," என்றார் விற்பனையாளர்.

அவளுடைய வலது கால் தேடியது. பிரேக் அங்கே இல்லை.

"இடது பக்கம், மேடம்."

அவள் இடது காலைத் தூக்கி வைத்து மிதித்தாள். வண்டி நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். எண்ணெய், தட்டு, பம்பு என்று ஒன்றுவிடாமல் படித்த நான், பிரேக் எந்தக் காலில் என்று பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அவள்தான் பேசினாள்.

"பக்கத்துத் தோட்டக்காரர்கிட்ட சொல்லிடலாம்ங்க. மனுஷன் எத்தனை நாள் காத்திருப்பாரு."

"இன்னும் நாள் இருக்கு."

"நாள் இருக்கு. வண்டி இல்லையே."

அன்று கடையைத் திறந்தும் வேலை ஓடவில்லை. மலை மார்க்கின் தாள் மேஜையில் கிடந்தது. இடித்துவிட்டது என்று ஒதுக்கிய வண்டி. அதிலும் நடுவில் எண்ணெய்தான். வலது காலுக்கு ஒரே பெடல், காலால் ஓட்டும் தையல் மெஷினின் மிதி மாதிரி: முன்பாதத்தை அழுத்தினால் முன்னே, குதிகாலை அழுத்தினால் பின்னே. பிரேக்கின் படத்தைத் தேடினேன். வலது பக்கம். கார் மாதிரி அதே காலுக்கு. அப்புறம் அகலம் என்ற வரியைப் படித்தேன். அங்கே இரண்டு எண்கள் இருந்தன. நாங்கள் பெரியதற்குத்தான் சட்டம் கட்டியிருந்தோம்.

போனை எடுத்து, மலை மார்க் விற்பனையாளரிடம் கேட்டேன்.

"ரெண்டு எண்ணா? அச்சுப்பிழையா இருக்கும் சார்," என்றார். பிறகு உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "பிழை இல்லையாம் சார். சக்கரத்தை மாத்திப் போடலாமாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. பின்சக்கரத்தின் நடுத்தட்டு சமதளமாக இருக்காது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிந்திருக்கும். குழி வெளியே பார்த்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். குழி உள்ளே பார்த்தால் சக்கரம் உள்ளே ஒதுங்கும். ஆனால் சக்கரத்தை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டால் டயரின் மேடான பட்டைகள் எதிர்த்திசையைப் பார்க்கும், மண்ணைப் பிடிக்காது. அதனால் இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் போட வேண்டும். பட்டையும் சரியாகிவிடும், அகலமும் குறைந்துவிடும்.

மாலையில் மச்சானும் நானும் புதிய சட்டத்தைக் கட்டி அடி வரிசைகளில் தூக்கி நடந்தோம். ஒரு கிளைகூடத் தொடவில்லை. அவள் பெட்டி மேல் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள்.

"போகுது," என்றாள். "ஆனா சக்கரம் ஒடுங்கினா சரிவுல சாயுமே."

அவள் கேட்டது சரி. காலை அகட்டி நிற்பவனைத் தள்ளுவது கஷ்டம். சேர்த்து நிற்பவனைத் தள்ளுவது சுலபம்.

"டயர்ல தண்ணி ரொப்பச் சொல்லுங்க," என்றாள் அவளே. டயரில் முக்கால் பங்கு தண்ணீர், மீதி காற்று. எடையெல்லாம் தரையோடு தங்கும். வண்டி அடி கனத்த பொம்மை மாதிரி நிலைக்கும். "அப்புறம், இங்கேயே கொண்டு வந்து காட்டட்டும். நம்ம மருந்து டேங்க்கை மாட்டி, பாதி தண்ணியோட ஓட்டிப் பார்க்கணும்."

சக்கரம் மாற்றிய மலை மார்க் டிராக்டர் லாரியில் வந்து இறங்கியது. விற்பனையாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "காலி டேங்க்கோட ஓட்டலாம் மேடம். இல்ல, நிறைச்சே ஓட்டலாம். அது என்ன பாதி?" என்றார்.

"நிறைஞ்ச டேங்க்ல தண்ணி போக இடம் இல்ல, சும்மா இருக்கும். பாதி டேங்க்ல எல்லாத் தண்ணியும் சாயற பக்கம் ஓடிடும். கவுக்கிறது அதுதான் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுல கேள்வி கேக்க எல்லாம் முடியாதுங்க," என்றேன்.

அவள் ஏறினாள். வலது கையில் கம்பி, வலது கால் முதலில், இடது கால் பின்னாலேயே சும்மா வந்து சேர்ந்துகொண்டது. அதைத் தரைத்தட்டில் வசதியாக நீட்டி வைத்தாள். மேல் வரிசைகளில் ஒரு சுற்று. பிறகு சரிவின் குறுக்கே திரும்பினாள். டேங்க்குக்குள் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி மோதும் சத்தம் எங்களுக்கே கேட்டது. மச்சான் என் தோளைப் பிடித்திருந்தான். பிடித்திருப்பது அவனுக்கே தெரியவில்லை. வண்டி சற்று அசைந்தது, அவ்வளவுதான். நான்கு சக்கரமும் மண்ணில் இருந்தன. அடி வரிசைக்குள் நுழைந்து, அங்கிருந்த இறக்கத்தில் காலை எடுத்தாள். ஊர ஆரம்பிக்கும் முன்பே வலது கால் பிரேக்குக்கு நகர்ந்தது. வண்டி நின்றது. இடது கால் நீட்டிய இடத்திலேயே இருந்தது.

"வலிக்குதா அக்கா?" என்று கத்தினான் மச்சான்.

"எது?" என்றாள்.

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கப்பல்ல போய் நிம்மதியா வாந்தி எடுக்கலாம் அத்தான்," என்றான்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியருகே வந்து நின்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அவரிடம் போனேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. குத்தகை விஷயம்... அவளே ஓட்டிக்குவா போலிருக்கு."

"அப்படியா?" என்றார். "நிஜமாவா?"

"ஆமாம். உங்களை எதிர்பார்க்க வெச்சிட்டோம்."

அவர் வேலிக் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். "நல்லதாப் போச்சுங்க. எனக்கு என் தோட்டத்தையே பார்க்க முடியல. அந்தம்மா கேட்டாங்களேன்னு மறுக்க வாய் வரல. தலையாட்டிட்டு வந்ததுலேருந்து வீட்டுல ஒருத்தி என்னோட பேசறதில்ல. நீங்க கழியைத் தூக்கிட்டு நடந்தீங்களே, அன்னிக்கெல்லாம் எங்கயாவது இடிக்கக் கூடாதேன்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் நின்னேன்."

சொல்லிவிட்டு, வீட்டில் சேதி சொல்ல வேகமாக நடந்தார்.

விற்பனையாளர் கையில் பேனாவோடு காத்திருந்தார். என் மனைவி அடி வரிசையின் கடைசிக்குப் போய், குதிகாலால் வண்டியைப் பின்னெடுத்து, முன்பாதத்தால் முன்னெடுத்துத் திருப்பி, எங்களை நோக்கி வந்தாள். வந்தவள் நிற்கவில்லை. எங்களைக் கடந்து அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிட்டாள்.

"மேடம் எப்ப இறங்குவாங்க சார்?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"உக்காருங்க," என்று பழப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். "இன்னும் நிறைய வரிசை இருக்கு."