டப்பா மூடிக்கு இரண்டு வரி

1

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி உள்ளங்கை அளவு அட்டைகள் சிலவற்றை என் முன்னால் வைத்து, டப்பா மூடியில் ஒட்டுவதற்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னாள். டப்பாவுக்குள் போகவேண்டியவை சாக்லேட் ட்ரஃபிள்கள். கறுப்பு சாக்லேட்டைச் சூடான கிரீமில் கரைத்து, பழம் சேர்த்து, குளிரவைத்து, உள்ளங்கையில் உருட்டி, கோக்கோ தூளில் புரட்டி எடுக்கும் உருண்டைகள். டப்பா போய்ச் சேரவேண்டியது என் தங்கைக்கு. காரணம், போன வருடம் என் தங்கை தன் சிறுநீரகங்களில் ஒன்றை என் மனைவிக்குக் கொடுத்தாள்.

இதற்கு இரண்டு வரி. எழுதுவதைத் தொழிலாக வைத்திருப்பவன் என்பதால் வீட்டில் என்னை நம்பிவிட்டார்கள்.

முதல் முயற்சி: 'அன்புத் தங்கைக்கு, நீ செய்த இந்த மாபெரும்'

மாபெரும் என்றதும் பேனா நின்றுவிட்டது. அது பொதுக்கூட்டத்துக்கும் தள்ளுபடி விற்பனைக்கும் போடுகிற சொல்.

இரண்டாம் முயற்சி: 'அன்புத் தங்கைக்கு, சொல்ல வார்த்தைகளே இல்லை'

வார்த்தையே இல்லையென்றால் எதற்கு அட்டை என்று அவளே கேட்பாள். மூன்றாம் முயற்சியில் 'நன்றி' என்று மட்டும் எழுதிப் பார்த்தேன்.

[அடைப்புக்குள் ஒரு குறிப்பு. நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அது கூட்டத்தின் முடிவில் ஒருவர் எழுந்து, நாற்காலி கொடுத்தவர்வரை பெயர் பெயராகச் சொல்வது. அதற்குள் பாதிப் பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். என் தங்கையிடம் போய் நன்றி என்றால், உடம்பு ஏதும் சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.]

மூன்று அட்டை வீணானபின் முழுத்தாளை எடுத்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தாள்தான்.

2

அடுத்த சிக்கல், கதாபாத்திரம். என் தங்கை என் மனைவிக்கு நாத்தனார். கதைகளில் நாத்தனார் எதற்கு வருவாள் என்று உங்களுக்கே தெரியும். வந்து, நாலு வார்த்தை கொளுத்திப் போட்டுவிட்டு, காப்பியில் சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் அண்ணிக்குச் சிறுநீரகம் கொடுத்தாள் என்று எழுதினால், இவனுக்குப் பெண்களைப் பற்றியும் தெரியாது, கதையைப் பற்றியும் தெரியாது என்பீர்கள். அதனால் அவளைப் பக்கத்து வீட்டுக்காரியாக மாற்றிப் பார்த்தேன். கல்லூரித் தோழியாக மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

சரி, நாத்தனாராகவே இருக்கட்டும், நம்பும்படி நாலு குறையாவது சேர்ப்போம் என்று பார்த்தால், சேர்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குத் தவிர எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டு சார்ஜர்கள் எல்லாம் அவள் வீட்டில் இருக்கின்றன. பையில் எப்போதும் ஸ்பேனர் கிடக்கும் என்பதால் என் மனைவி அவளுக்கு வைத்த பெயர் ஸ்பேனர். சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அதற்காக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வாராவாரம் சண்டை நடக்கும். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.

நான் கொடுக்கலாம் என்றுதான் முதலில் போனேன். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை, அப்போ என்னைப் பாருங்க என்று எழுந்து உள்ளே போனாள். பொருந்தியது. பிறகு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று விசாரிக்க மருத்துவமனையில் ஒரு குழு உட்கார்ந்தது. அதற்கு அவள் சொன்ன பதிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"எங்க வீட்டுல என்னை ஒரு டம்ளர் கழுவ வைக்கவே யாராலயும் முடியல மேடம். கிட்னியா குடுக்க வைப்பாங்க?"

3

இந்த இடத்தில் அறுவை சிகிச்சை, எல்லோரும் நலம், சுபம் என்று முடித்திருக்கலாம். எல்லோரும் நலமாகத்தான் இருந்தார்கள். அதன்பிறகுதான் வினை.

என் மனைவிக்குத் தங்கையை எப்படி நடத்துவது என்று தெரியாமல் போய்விட்டது. அவள் வந்தால் இவள் எழுந்து நின்றாள். மெத்தை போட்ட நாற்காலியை இழுத்துப் போட்டாள். தட்டில் வைத்துப் பழரசம் வந்தது. குடித்து முடிப்பதற்குள் டம்ளரைக் கையிலிருந்து வாங்கித் தானே கழுவினாள். ஸ்பேனர் என்ற பெயரும் காணாமல் போனது. 'உங்க தங்கச்சி வந்திருக்காங்க' என்று என்னைக் கூப்பிட்டாள், ஏதோ மீட்டர் பார்க்க ஆள் வந்ததுபோல.

ஏன் இப்படி என்று நான் கேட்டபோது சொன்னாள்:

"அவகிட்ட இனிமே எதைங்க கேக்கறது? ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வான்னு சொல்லக்கூட வாய் வரமாட்டேங்குது. ஏற்கனவே வாங்கினதே போதும்னு இருக்கு."

தங்கை வருவது குறைந்தது. ஒருநாள் அவளை வழியனுப்பப் படியிறங்கியபோது, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். கீழ்ப்படியில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒரு கிட்னிதான் அண்ணா குடுத்தேன். அண்ணியையும் சேத்துக் குடுத்துட்டேன் போலிருக்கு. அந்த வீட்ல இப்ப என்னைத் திட்ட ஆளில்ல."

உன் இஷ்டம் என்றேன். வீட்டுக்குள் வந்து மனைவியிடம் மாற்றலை மட்டும் சொன்னேன். அவள் எழுந்து போய் அடுப்படி அலமாரியில் கோக்கோ தூள் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொல்லுங்கள், ட்ரஃபிள் செய்கிறேன் என்றாள்.

4

[ஏன் ட்ரஃபிள்? ஏன் பழம்? தெரியாதவர்களுக்காக இந்தப் பகுதி. தெரிந்தவர்கள் ஐந்துக்குப் போகலாம்.]

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குப் பழக்கடை ஒரு கண்ணிவெடிக் களம். ஆரஞ்சு ஆகாது, வாழைப்பழம் ஆகாது, உலர்ந்த பழம் எதுவும் ஆகாது. எல்லாவற்றிலும் பொட்டாசியம். சாக்லேட்டும் அதே கட்சி. ஆனால் அந்த வருடங்களில்தான் என் மனைவி ட்ரஃபிள் செய்யக் கற்றுக்கொண்டாள். தான் வாயில் வைக்க முடியாததை மற்றவர்களுக்காகச் செய்தாள். ருசி பார்ப்பது என் வேலை. தின்று தீர்ப்பது தங்கையின் வேலை. நோயாளி முன்னால் இப்படிச் சாப்பிடுகிறாயே, வெட்கமில்லையா என்று இவள் கேட்பாள். நீங்கள் செய்வதை நிறுத்துங்கள், நான் சாப்பிடுவதை நிறுத்துகிறேன் என்பாள் அவள்.

இப்போது அளவோடு எல்லாம் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் இந்த முறை பழம் சேர்த்த ட்ரஃபிள், இருவரும் உட்கார்ந்து சாப்பிட. எந்தப் பழம் என்பதில் நான் ஒரு தவறு செய்தேன். முதல் பிரதியில், நிறம் அழகாக இருக்கும் என்று பம்ப்ளிமாஸ் என எழுதிவைத்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மனைவி, புதுச் சிறுநீரகத்துக்காகத் தான் சாப்பிடும் மாத்திரைகளோடு சேரவே சேராத பழம் அது என்றும், கதையில்கூடத் தனக்கு அது வேண்டாம் என்றும் சொன்னாள். திருத்திவிட்டேன். ஆரஞ்சும் ஸ்ட்ராபெரியும்.

5

ஸ்ட்ராபெரியை மசித்து, தண்ணீர் வற்றும்வரை அடுப்பில் சுண்டவைத்தாள். ஆரஞ்சுத் தோலைத் துருவி கிரீமில் போட்டாள். கிரீம் கொதி வருமுன் இறக்கி, பொடித்த சாக்லேட்டின் மேல் ஊற்றினாள். கலவை திரிந்து, எண்ணெய் தனியாக

இல்லை. திரியவில்லை. திரிந்தால் குறியீடாக இருக்குமே என்று கை தானாக எழுதப் போய்விட்டது. கலவை பளபளவென்று வந்தது. குளிர்பதனப் பெட்டிக்குள் போனது.

அன்று நடந்த முதல் விபரீதம், என் தங்கை சொன்ன நேரத்துக்கு வந்தது. தாமதமாகத்தான் வருவாள் என்ற நம்பிக்கையில் என் மனைவி உருட்டும் வேலையை மதியத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். வந்தவளை மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, பழரசத்தைக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்கு ஓடினாள். கரண்டியால் கொஞ்சம் வழித்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். உருண்டை உருளவில்லை. இளகி, விரலிடுக்கில் வழிந்தது. கை கழுவிவிட்டு, கலவையை இன்னும் கொஞ்சம் குளிரவைத்து, மறுபடி உருட்டினாள். மறுபடி சேறு.

நான் உருட்டட்டுமா என்றேன். என் கை வேர்க்கும் என்று ஒதுக்கிவிட்டாள். முன்பெல்லாம் இப்படி ஆனதே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முன்பெல்லாம் ஆகவில்லை என்பது உண்மை. அந்த வருடங்களில் அவள் உடம்பில் ரத்தம் குறைவு. கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். பின்னாலிருந்து வந்து தங்கையின் கழுத்தில் கையை வைப்பாள், அவள் போடும் கூச்சல் தெருமுனைவரை கேட்கும். அந்தக் கையில் ட்ரஃபிள் அச்சில் வார்த்ததுபோல வந்தது. கைராசி என்று நாங்கள் புகழ்ந்தோம். உருட்டியது கைராசி இல்லை, நோய் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். சாக்லேட் அப்பிய இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி கூடத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். [இங்கே அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு நீண்ட பத்தி இருந்தது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் பொய்யாக இருந்தது, எடுத்துவிட்டேன்.] பிறகு கூப்பிட்டாள்.

"ஸ்பேனர், இங்க வாயேன். எனக்கு உருட்ட வரல. நீ வந்து உருட்டிக் குடு."

கூடத்தில் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. தங்கை வந்து, ஏன் உருட்ட வரவில்லை என்று கேட்டாள். மனைவி கையை நீட்டினாள். தங்கை அந்த உள்ளங்கையில் தன் விரல்களை வைத்தாள். எடுக்கவில்லை.

"அண்ணி, கை சுடுது."

"ஆமாண்டி."

இருவரும் அழுதார்கள் என்று எழுதினால் கதைக்கு நல்லது. அவர்கள் அழவில்லை. அழுதது நான், குளிர்பதனப் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோல. கதவை மூடுங்கள், இருப்பதும் உருகப்போகிறது என்று மனைவி அதட்டினாள்.

தங்கை ஐஸ் பையைக் கொஞ்சநேரம் பிடித்திருந்து, கையைத் துடைத்துவிட்டு உருட்டத் தொடங்கினாள். ஒன்று எலுமிச்சை அளவு, அடுத்தது கோலிக்குண்டு அளவு. இது உருண்டையா, உதைத்த மண்ணா என்று இவள் கேட்டாள். வேண்டாமென்றால் போகிறேன் என்றாள் அவள். போவதாக இருந்தால் அந்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போ என்றாள் இவள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்ட எழுந்தவன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். முழுச் சண்டையும் எனக்குக் கேட்கவேண்டியிருந்தது.

ட்ரஃபிள் ஒன்றை என் மனைவி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆரஞ்சு தெரிகிறது என்றாள். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

6

விவரம் தெரிந்த எழுத்தாளன் இங்கே நிறுத்தியிருப்பான். ஆனால் மாற்றல் விண்ணப்பம் அப்படியே இருக்கிறது. அன்று அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆகவே முடிவுகள்:

(அ) தங்கை மறுநாளே விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறாள். எழுதிப் பார்த்தேன். அதில் எல்லோரும் அளவுக்கு மீறிச் சிரிக்கிறார்கள்.

(ஆ) அவள் போகிறாள். மாதம் ஒருமுறை வருகிறாள். நடுவில் பார்சல் போகிறது, வழியில் உருகுகிறது. நியாயமான முடிவு, எனக்குப் பிடிக்கவில்லை.

(இ) மூன்று பேரும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்ள, கதவைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள்

வேண்டாம். எனக்கே தெரிகிறது.

7

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதி உங்களுக்கானது இல்லை. படிக்காதீர்கள் என்றால் படிப்பீர்கள் என்று தெரியும். படியுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

தங்கச்சி, உன்னைப் பற்றி எழுதினால் பேசமாட்டேன் என்று மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே, எழுதிக்கொள், ஆனால் முதலில் நான்தான் படிப்பேன் என்றாய். ஆகவே இதன் முதல் வாசகர் நீ. கதையே படிக்காதவள் இதுவரை வந்திருக்கிறாய் என்றால், உன் பங்கு எங்கே வருகிறது என்று தேடியிருப்பாய்.

கொடுக்க நான் போனேன், என்னிடம் வாங்கவில்லை. நீ கொடுத்தாய். இப்போது தினமும் காலையில் அவள் என்னைத் திட்டும் சத்தத்தில் கண் விழிக்கிறேன். சில நாள் விழித்த பிறகும் கண்ணை மூடிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது நீ கொடுத்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

ஆனால் நானும் உன் அண்ணியைப் போலத்தான் இருந்திருக்கிறேன். வாங்கியதே போதும், உன்னிடம் இனி ஒன்றும் கேட்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் நீ சொன்னபோது, உன் இஷ்டம் என்றது அதனால்தான். அப்போது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டதும் நீ எழுந்து வந்த முகத்தையும் பார்த்தேன்.

முடிவு என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

போகாதே. கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுது.